ஒன்றுபோல் ஒன்றில்லாக் கழுத்துச் சிரைகள்

நுழையும்முன்

பாடநூலில் வரையப்பட்டிருக்கும் மனித உடல் ஒன்று; மருத்துவமனைக்கு வரும் உடல்கள் பல. முகமும் கைரேகையும் ஆளுக்கு ஆள் மாறுவதை அனைவரும் அறிவர். தோலுக்கு அடியில் ஓடும் குருதிக் குழாய்களும் அவ்வாறே மாறுகின்றன என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி. கழுத்தைத் திறக்கும் அறுவை மருத்துவர்க்கு அம்மாற்றம் உயிர்ப்பிரச்சினை. மருத்துவத் தமிழின் சொற்களோடும் வரலாற்றோடும் அதனை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

வெற்றிலை நரம்பு

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர், சேர்வராயன் மலைத்தொடருக்கு வடக்கே அமைந்த பேரூர். அதன் சுற்றுவட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. வெற்றிலைச் சந்தைக்கும் அவ்வூர் பெயர்பெற்றது. அகத்தி மரத்தைப் பற்றி ஏறும் கொடியில் இலை கிள்ளுவோர், ஒவ்வோர் இலையையும் கையால் தடவி அடுக்குவர். காம்பிலிருந்து விரியும் முதன்மை நரம்புகள் எல்லா இலைகளிலும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கும். அவற்றினின்று கிளைக்கும் நுண்ணிய வலைப்பின்னலோ எந்த இரண்டு இலைகளிலும் ஒன்றாக இராது. பெரிய அமைப்பில் ஒற்றுமை, சிறிய அமைப்பில் வேற்றுமை என்னும் இந்த விதி மனிதனின் குருதிக் குழாய்களுக்கும் பொருந்தும். சிரைகளுக்கு மிகுதியாகப் பொருந்தும்.

இங்கே சொல் பற்றிய தெளிவு ஒன்று தேவைப்படுகிறது. பேச்சு வழக்கில் இலையில் ஓடுவதும் நரம்பு. புறங்கையில் நீலமாகப் புடைத்திருப்பதும் நரம்பு. மருத்துவமனையில் போடப்படுவதும் ‘நரம்பு ஊசி’. அறிவியல் தமிழ் இவற்றைப் பிரித்தே வழங்குகிறது. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது தமனி. உடலின் பகுதிகளிலிருந்து குருதியை இதயத்திற்குத் திருப்பிக் கொணர்வது சிரை. மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கடத்துவது நரம்பு. ‘நரம்பு ஊசி’ உண்மையில் சிரையில் செலுத்தப்படுகிறது. வீட்டில் இச்சொற்கள் கலந்து வழங்குவதால் கேடில்லை. கழுத்தில் சிரையும் நரம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடுமிடத்தில் எது எது என்று பிரித்தறிவதோ அறுவை மருத்துவத்தின் தலையாய பணி.

சிரை என்னும் சொல்லின் வேர் பழைமையானது. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, உடலில் 700 சிரைகள் உள்ளன என எண்ணிக்கை கூறுகிறது. அவற்றுள் கருவி படக்கூடாதவை எவை எனத் தனியே வகுத்தும் வைக்கிறது. சித்த மரபு எழுபத்தீராயிரம் நாடிகளைப் பேசுகிறது. எண் எதுவாயினும், கழுத்தில் கைவைக்கும் முன் எச்சரிக்கை வேண்டும் என்பதைப் பண்டையோர் அறிந்திருந்தனர். ஆனால் எண்ணி முடித்துவிடலாம் என்ற அவர்களின் நம்பிக்கையை இன்றைய உடற்கூறியல் ஏற்பதில்லை. எண்ணுமிடத்திலேயே ஆளுக்கு ஆள் வேறுபாடு தொடங்கிவிடுகிறது.

பொதுவான பாதை

கழுத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று சிரைகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. அவற்றுள் பெரியது உள் கழுத்துச் சிரை. மண்டையோட்டின் அடிப்பகுதியிலுள்ள துளை வழியாக வெளிப்பட்டு, மூளையின் குருதியைப் பெருமளவில் சுமந்துகொண்டு நேராகக் கீழிறங்குகிறது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோடிட் தமனியும், இதயம், இரைப்பை முதலிய உறுப்புகளுக்குச் செல்லும் வேகஸ் நரம்பும் அதனோடு ஒரே உறைக்குள் பயணம் செய்கின்றன. தமனி உட்பக்கம், சிரை வெளிப்பக்கம், இரண்டிற்கும் இடையே பின்புறமாக நரம்பு என்பது அவற்றின் வழக்கமான வரிசை. காரை எலும்பின் உள்முனைக்குப் பின்னே, கையிலிருந்து வரும் காரையடிச் சிரையோடு இச்சிரை இணைகிறது. பெரும்பாலோர்க்கு வலப்புறச் சிரை இடப்புறச் சிரையைவிட அகலமானது. இதயத்தை நோக்கி ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதும் அதுவே.

இரண்டாவது, வெளிக் கழுத்துச் சிரை. தாடையின் கோணத்திற்கு அருகே தோன்றிக் கழுத்தின் பக்கத் தசையைக் குறுக்கே கடந்து, தோலுக்குச் சற்றுக் கீழாகவே ஓடுகிறது. உரக்கப் பாடுவோர்க்கும் பளு தூக்குவோர்க்கும் கழுத்தில் புடைத்துத் தெரிவது இதுவே. மூன்றாவது, முன் கழுத்துச் சிரை. மோவாயின் கீழிருந்து நடுக்கோட்டை ஒட்டி இறங்கி, மார்பெலும்பின் மேல் விளிம்பருகே மறுபக்கச் சிரையோடு ஒரு வளைவால் இணைகிறது.

இது வரைபடம். உண்மையான கழுத்துகளில் வெளிக் கழுத்துச் சிரை சிலர்க்கு இரண்டாக ஓடுகிறது. சிலர்க்கு ஒரு பக்கத்தில் இல்லாமலே போகிறது. முன் கழுத்துச் சிரை இரண்டிற்குப் பதிலாக நடுவில் ஒன்றாக அமைவதும் உண்டு. முகத்தின் குருதியைக் கொணரும் முகச் சிரை வழக்கமாக உள் கழுத்துச் சிரையில் கலக்கும். சிலரிடம் வெளிக் கழுத்துச் சிரையில் கலந்துவிடுகிறது. உள் கழுத்துச் சிரையே இரண்டாகப் பிளந்து ஓடுவதும், பிளந்து மீண்டும் கூடி நடுவில் ஒரு சாளரம் போன்ற இடைவெளியை விடுவதும் மிக அரிதாகக் காணப்படுகின்றன. நூற்றில் ஒருவர்க்கும் குறைவாகவே இந்நிலை இருக்கும். எனினும் ஆண்டு முழுதும் கழுத்து அறுவை நிகழும் ஒரு மருத்துவமனையில், அந்த ஒருவர் ஒருநாள் மேசைமேல் படுத்திருப்பார்.

ஓடைகள் வழி தேடுதல்

தமனிகளைக் காட்டிலும் சிரைகள் ஏன் இவ்வளவு மாறுகின்றன? விடை கருப்பையில் இருக்கிறது.

கரு நான்காம் வாரத்தில் இருக்கும்போது, தலைப்பக்கத்துக் குருதியை இதயத்திற்குக் கொண்டுவரப் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு முதன்மைச் சிரைகள் தோன்றுகின்றன. அவற்றைச் சுற்றி மெல்லிய குழாய்களின் வலை ஒன்று படர்கிறது. இவ்வலையில் எந்தக் குழாய் வழியே குருதி மிகுதியாகப் பாய்கிறதோ அது அகன்று நிலைக்கிறது; பாய்ச்சல் குறைந்தது சுருங்கி மறைகிறது. கோடை மழைக்குப் பின் சேர்வராயன் சரிவுகளில் நீர் இறங்குவதைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். முதலில் பத்து வழிகளில் நீர் பிரிந்தோடும். சில மழைக்குப் பின் இரண்டொரு வழிகள் ஆழமாகி ஓடையாகும். ஏனையவை தூர்ந்து போகும். எந்த வழி ஓடையாகும் என்பதை ஒரு கல்லோ ஒரு வேரோ தீர்மானித்துவிடக்கூடும். ஆனால் நீர் இறுதியில் ஏதேனும் ஓர் ஆற்றைச் சென்றடையும்.

தமனியில் அழுத்தம் மிகுதி, சிரையில் குறைவு. தாழ்ந்த அழுத்தத்தில் மெல்ல ஓடும் குருதிக்குப் பல வழிகள் ஒத்துவருகின்றன. மறைய வேண்டிய குழாய் மறையாமல் நின்றால் இரட்டைச் சிரை தோன்றும். நிலைக்க வேண்டியது மறைந்தால் அதன் பணியை அண்டைச் சிரை ஏற்கும். வளரும் நரம்பொன்றை நடுவில் விட்டு இருபுறமும் குழாய்கள் நிலைத்துவிட்டால் சாளரம் உண்டாகும் என விளக்குவோரும் உளர். இவை நோய்கள் அல்ல. இத்தகைய சிரைகளோடு பிறந்தவர் நூறாண்டு வாழ்ந்தாலும் அதனை அறியாமலே போகலாம். கத்தியோ ஊசியோ அருகில் வரும் நாளில்தான் அவ்வேறுபாடு பொருள் பெறுகிறது.

வரைந்தவரும் மொழிபெயர்த்தவரும்

உடலின் பொது வரைபடத்தை உலகெங்கும் பரப்பிய நூல்களுள் முதன்மையானது, 1858ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான ஹென்றி கிரே என்பாரின் உடற்கூறியல் நூல். அதன் புகழுக்குப் பாதிக் காரணம் அதிலுள்ள படங்கள். அவற்றை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்னும் இளம் மருத்துவர். நூல் வெளியான ஆண்டிலேயே அவர் இந்தியாவிற்கு வந்து பம்பாயில் பணியேற்றார். பின்னர் அவர் விரிவாக ஆராய்ந்த நோய், பூஞ்சையால் பாதம் வீங்கிச் சிதையும் ‘மதுரைக் கால்’. மதுரை மருந்தகத்தில் முதலில் விவரிக்கப்பட்டதால் அந்நோய்க்கு அப்பெயர் அமைந்தது. உலகம் போற்றிய உடற்கூற்றுப் படங்களை வரைந்த கை, தமிழகத்து ஊரின் பெயர் தாங்கிய நோயையும் வரைந்தது என்பது பலர் அறியாத தொடர்பு.

கிரேயின் நூல் தமிழுக்கும் வந்தது. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். பாடநூல் இல்லாமல் கற்பிக்க இயலாது என உணர்ந்து, மாணவரோடும் அறிஞரோடும் சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கிரேயின் நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் தமிழ் வடிவம் பெற்றது. பாதம் முதல் கேசம் வரை உறுப்புகளை வரிசைப்படுத்திப் பாடும் மரபுடைய மொழியில், உடற்கூற்று நூலுக்கு ‘அங்காதிபாதம்’ என்று பெயரிட்டது பொருத்தமான செயலே. கலைச்சொற்களைத் தேடி அவர்கள் பட்ட பாட்டின் பயனை இன்றைய மருத்துவத் தமிழ் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது வருந்தத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

சிரைகளின் உள்ளே ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகள் இருப்பதை இத்தாலிய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி அக்கதவுகளின் பொருளை உணர்ந்து, குருதி சுழன்று வருவதை 1628ஆம் ஆண்டு நிறுவினார்.

கத்தியின் முன்

கடத்தூர்க் கொடிக்காலின் வெற்றிலை தனியே தீங்கு செய்வதாக மருத்துவம் கூறவில்லை. அதனோடு சேரும் பாக்கும் புகையிலையுமே வாய்ப்புற்றுநோயின் காரணிகள். பாக்கு தன்னளவிலேயே மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள் என, உலக நல அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு வெளியிட்ட தன் அறிக்கையில் அறிவித்தது. கன்னத்திலோ நாக்கிலோ தோன்றும் புற்று, அடுத்துச் சென்று தங்குமிடம் கழுத்தின் நிணநீர் முடிச்சுகள். அம்முடிச்சுகளோ உள் கழுத்துச் சிரையை ஒட்டிச் சங்கிலிபோல் அமைந்துள்ளன. ஆகவே வாய்ப்புற்றுக்கான அறுவை பெரும்பாலும் கழுத்தறுவையாகவும் அமைகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை முதல் மாவட்ட மருத்துவக் கல்லூரிகள் வரை, தமிழகத்தில் இவ்வறுவை நன்கு அறியப்பட்ட ஒன்று.

1906ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கிரைல், 132 அறுவைகளின் பட்டறிவைக் கொண்டு இதன் முறையை வகுத்தார். முடிச்சுகளோடு உள் கழுத்துச் சிரை, பக்கத் தசை, தோளை உயர்த்தும் நரம்பு ஆகியவற்றையும் ஒருசேர அகற்றுவதே அவர் முறை. உயிர் காக்கப்பட்டது, ஆனால் தோள் தொய்ந்தது. இருபுறமும் சிரையை இழந்தோர்க்கு முகம் வீங்கியது. அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரஸ் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட முறை, நோய் தொடாத சிரையையும் தசையையும் நரம்பையும் விட்டுவைத்து முடிச்சுகளை மட்டும் உரித்தெடுக்க வழிகாட்டியது. இன்று இயன்ற இடங்களிலெல்லாம் காத்தல் முறையே பின்பற்றப்படுகிறது. அனைத்தையும் அகற்றிய காலத்தில் சிரை எவ்வாறு பிளந்திருந்தது என்பது பெரிய கேள்வியாக இல்லை. காக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் ஒவ்வொரு வேறுபாடும் கேள்வியாயிற்று.

காக்கப்படும் நரம்பு பதினோராம் கபால நரம்பு. கழுத்தின் மேற்பகுதியில் இது பெரும்பாலோர்க்கு உள் கழுத்துச் சிரையின் மேலாகக் கடக்கிறது. சிலர்க்குச் சிரையின் அடியில் செல்கிறது. மிகச் சிலர்க்குச் சிரையின் சாளரத்திற்குள் நுழைந்து மறுபுறம் வெளிவருகிறது. மேலே இருக்கும் என எதிர்பார்த்துச் சிரையைத் துப்புரவாகப் பிரிக்கும் கத்தி, அடியிலோ நடுவிலோ செல்லும் நரம்பை அறியாமல் வெட்டிவிடக்கூடும். வெட்டுண்டால் ட்ரபீசியஸ் தசை செயலிழக்கும். கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவது கடினமாகும். ஏணியில் நின்று அகத்தியின் உச்சியிலுள்ள கொடியை எட்டிப் பறிக்கும் தொழிலாளிக்குக் கை உயராமற் போவதும் வேலை போவதும் ஒன்றே. இரட்டைச் சிரை உள்ளவரிடம் ஒன்றைக் கிளை எனக் கருதிக் கட்டிவிட்டு மற்றொன்றைக் கீறிவிடும் இடரும் உண்டு.

முகச் சிரையின் வேறுபாடு வேறொரு வகையில் முன்னிற்கிறது. புற்றால் அரிக்கப்பட்ட தாடையை அகற்றியபின், காலின் வெளிப்புறச் சிற்றெலும்பை அதன் குருதிக் குழாய்களோடு எடுத்துத் தாடையாகப் பொருத்தும் அறுவை இன்று நடைபெறுகிறது. அவ்வெலும்பு உயிரோடிருக்க, அதன் தமனியையும் சிரையையும் கழுத்தின் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைக்க வேண்டும். தமனி குருதியைக் கொண்டுவந்தும் சிரை அதனை வெளியேற்றாவிட்டால், பொருத்தப்பட்ட பகுதி நீலமாகி மடியும். இத்தையலுக்குப் பெரிதும் நாடப்படுவது முகச் சிரை. அது வெளிக் கழுத்துச் சிரையில் கலக்கும் ஒருவர்க்கு, தோலைத் தூக்கும் முதற்படியிலேயே வெளிக் கழுத்துச் சிரையைக் கட்டிவிட்டால், பல மணி நேரம் கழித்துத் தேவைப்படும் வடிகால் முன்னரே அடைபட்டதாகிவிடும். எனவே மேலோட்டமான சிரையையும் முதலில் காத்து, எது எங்கே கலக்கிறது என்று கண்டபின்னரே கட்டுதல் நல்ல மரபு.

சிரையில் கீறல் விழுந்தால் குருதி வெளியேறுவது ஓர் இடர் மட்டுமே. கழுத்து, இதயத்தினும் உயர்ந்திருக்கும்போது சிரையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தினும் தாழக்கூடும். அப்போது கீறல் வழியே காற்று உள்ளிழுக்கப்பட்டு இதயத்தை அடைந்து குருதியோட்டத்தைத் தடுக்கும். சிரை கிழிந்தவுடன் விரலால் அழுத்துவதும் மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவதும் இதனால்தான்.

ஊசியின் முன்

கத்தியைக் காட்டிலும் அடிக்கடி கழுத்துச் சிரையை நாடுவது ஊசி. தீவிரப் பிரிவில் படுத்திருப்பவர்க்கு வீரியமான மருந்து செலுத்தவும், சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு உடனடியாகக் குருதி சுத்திகரிப்புச் செய்யவும் உள் கழுத்துச் சிரையில் குழல் பொருத்தப்படுகிறது. முன்பு தசையின் விளிம்பையும் தமனியின் துடிப்பையும் விரலால் உணர்ந்து, சிரை இருக்குமிடத்தை ஊகித்து ஊசி செலுத்தினர். சிரை தமனியின் வெளிப்பக்கத்தில் இருந்தால் ஊகம் பலிக்கும். சிலர்க்குச் சிரை தமனியின் நேர் முன்னே கிடக்கிறது. தலையை மிகுதியாகத் திருப்பினால் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று படிவது இன்னும் கூடுகிறது. அப்போது சிரையை ஊடுருவிய ஊசி தமனியையும் துளைத்துவிடும்.

ஒலியலைக் கருவி இந்நிலையை மாற்றியது. கருவியைக் கழுத்தில் வைத்தவுடன் திரையில் இரு கரிய வட்டங்கள் தெரியும். மெல்ல அழுத்தினால் சிரை தட்டையாகும். தமனி வட்டமாகவே நின்று துடிக்கும். 2002ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மருத்துவத் தர நிறுவனம், உள் கழுத்துச் சிரையில் குழல் பொருத்த ஒலியலையின் துணையைப் பரிந்துரைத்தது. அனுபவம் மிக்க கைகளுக்குக் கருவி எதற்கு என்ற எதிர்ப்பும் அந்நாளில் எழுந்தது. எவ்வளவு அனுபவமும், முன்னர்க் காணாத கழுத்தின் உள்ளமைப்பை விரலுக்குச் சொல்லிவிடாது.

மூச்சுக்குழலில் துளையிடும் அவசர அறுவையில் முன் கழுத்துச் சிரையும் அதன் வளைவும் குறுக்கிடலாம். தைராய்டு அறுவையில் நடுத் தைராய்டுச் சிரை கவனத்திற்குரியது. குட்டையான அச்சிரை நேராக உள் கழுத்துச் சிரையில் கலப்பதால், சுரப்பியை விரைந்து இழுத்தால் பெரிய சிரையே கிழியும். அது சிலர்க்கு இல்லை. சிலர்க்கு ஒரு பக்கம் மட்டும் உண்டு.

உடற்கூற்றுக் கூடம்

இவ்வேறுபாடுகள் முதலில் அறியப்பட்ட இடம் அறுவை அரங்கம் அன்று. மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றுக் கூடம். 1835ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 2008ஆம் ஆண்டு தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலும், முதலாண்டு மாணவர் தானமாக வந்த உடலின் முன் நின்றே பாடத்தைத் தொடங்குகின்றனர். தோலை நீக்கிக் கழுத்தின் பக்கத் தசையைக் காணும்போது, படத்திலிருக்கும் சிரை அங்கே இல்லாமற் போகலாம். படத்தில் இல்லாதது அங்கே ஓடலாம். ‘நூல் தவறா, உடல் தவறா’ என மாணவர் திகைக்குமிடம் அது. தவறு இரண்டிலும் இல்லை. நூல் பெரும்பான்மையைச் சொல்கிறது. உடல் தன்னைச் சொல்கிறது.

அத்தகைய சிரையைக் கண்ட ஆசிரியர் அதன் தொடக்கம், போக்கு, கலக்குமிடம், அகலம் ஆகியவற்றை அளந்து, படமெடுத்து ஆய்விதழுக்கு அனுப்புவார். வேறோர் ஊரின் அறுவை மருத்துவர் அதனைப் படித்திருப்பார். அடுத்த வாரம் அவர் திறக்கும் கழுத்தில் கத்தரிக்கோல் ஒரு சிரையைக் கட்டும் முன் நிற்கும். அதன் மேலும் கீழும் சற்று தூரம் திசு விலக்கப்படும். சிரைக்கு நடுவே வெண்ணிற இழை ஒன்று நுழைந்து தோளை நோக்கிச் செல்வது கண்ணுக்குப் புலப்படும்.